சமையலறைப் பெட்டியும் நிலவறைப் பெட்டியும்

பிப்ரவரி மாதம் ஃப்ளோரிடாவில் இறந்துபோன சூலோ லாக்சோ, ஏப்ரல் முதல் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, தன் அண்ணன் வீட்டு நிலவறைக்குக் குளிக்க வந்தார். உடல் சொந்த ஊரான நியேமிக்கு வந்திருந்தது, ஆனால் அவரை இன்னும் புதைத்திருக்கவில்லை. நியேமியில் மண் இளகி மண்வெட்டி இறங்க மே மாதம் ஆகும். அதுவரை குளிர்காலத்தில் செத்தவர்கள் கல்லறைத் தோட்டத்துக் கொட்டகையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். சூலோவுக்குக் காத்துக் கிடந்து பழக்கமில்லை. வந்தார், நீராவி அறையில் மேல் பலகையில் ஏறி உட்கார்ந்தார், சூடு போதவில்லை என்று அண்ணனைக் குறை சொன்னார், இரண்டு கோப்பை காப்பி குடித்துவிட்டுப் போனார். அதன்பின் ஆறு வருடம் ஒரு சனிக்கிழமை தவறவில்லை. குளிர்காலத்துக்கு ஃப்ளோரிடா போவதையும் நிறுத்திவிட்டார்.

இதற்கெல்லாம் காரணம் மின்னஞ்சல்தான். சூலோவின் அண்ணன் ரெய்னோ இரும்புச் சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிச் சமையலறையில் வைத்தார். அதில் அவர் மனைவி ஐலி சர்ச்சின் ஞாயிற்றுக்கிழமைத் தாளை அடிப்பாள். ரெய்னோ பழைய பனிவண்டி இன்ஜின்களைப் பிரித்து மேய்கிற ஆட்களோடு கடிதம் பரிமாறுவார். ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர். இரண்டு வருடம் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு இன்னொரு கம்ப்யூட்டர் பெட்டி வாங்கி நிலவறையில் வைத்தார்கள். ஆனால் இணையக் கணக்கு ஒன்றுதான், முகவரி ஒன்றுதான், தொலைபேசிக் கம்பியும் ஒன்றுதான். ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே நிற்க வேண்டும். காலை ஐலிக்கு, மதியம் ரெய்னோவுக்கு என்று குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டினார்கள்.

இரண்டாவது பெட்டியை ரெய்னோவே தயார் செய்தார். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு கையேட்டை முழுசாகப் படித்தார். கடிதத்தை எடுத்த பிறகு அதன் நகல் ஒன்றை இணையக் கம்பெனியிடமே விட்டுவைக்கட்டுமா என்று திரையில் ஒரு சின்னக் கட்டம் கேட்டது. நியேமிக்காரர்கள் விருந்துக்குப் போனால் தங்கள் தட்டைத் தாங்களே கழுவி வைத்துவிட்டு வருகிற ஜாதி. அடுத்தவன் இடத்தில் நம் சாமானைப் போட்டுவைப்பதாவது, என்ன பேச்சு இது என்று அவர் அந்தக் கட்டத்தில் குறியிடவில்லை. மேல் பெட்டியிலும் இடவில்லை. அன்று முதல் எந்தப் பெட்டி முந்திக்கொள்கிறதோ கடிதம் அதற்கு மட்டும்தான்.

கடிதத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மேலே வந்த செய்தி ரெய்னோவின் காதில் ஏறவில்லை. கீழே வந்தது ஐலிக்கு எட்டவில்லை. சர்ச் விருந்தின் தேதி மாறியதை ஐலி நான்கு முறை சொல்லியும் அவர் பழைய தேதியில் மீன் தட்டோடு போய் இருட்டு மண்டபத்தின் கதவைத் தட்டினார். ரெய்னோவின் நண்பர் மகளுக்குக் கல்யாணம் என்ற கடிதம் கீழே வந்தது. பிறகு வந்த கல்யாணப் புகைப்படத்தில் ஐலிக்கு வெறும் புல்தரையும் ஒரு கேக்கும்தான் தெரிந்தன. கல்யாணமாகி நாற்பது வருடமான வீடு, பாதிதான் காதில் விழும் என்று இருவரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சூலோ போன அன்று மதியம் ரெய்னோ கார்புரேட்டர் ஆசாமி ஒருவரோடு இரண்டு மணி நேரம் இணையத்தில் கிடந்தார். ஃப்ளோரிடாவிலிருந்து சூலோவின் மனைவி ஹில்மா பதினோரு முறை தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தாள். பதினோரு முறையும் கம்பி வேலையாக இருந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி நான்கு வரி தட்டி அனுப்பினாள். அதற்குள் ரெய்னோ எழுந்து பனி வார வெளியே போய்விட்டார். ஐலி, தன் முறை இல்லாதபோதும், பாட்டு எண்களைப் பாதிரியாருக்கு அனுப்பலாம் என்று சமையலறையில் உட்கார்ந்தாள். கடிதம் அவளிடம் வந்து விழுந்தது.

அவள் கோட்டுகூடப் போடாமல் வெளியே ஓடினாள். "ரெய்னோ, சூலோ போயிட்டான். நெஞ்சு வலியாம். காலைல போயிட்டானாம்."

"ஆமா, காத்து வடக்கே திரும்பிடுச்சு," என்றார் அவர். "சாயங்காலத்துக்குள்ள இன்னும் ஒரு அடி விழும். நீ என்ன இப்படி வந்து நிக்கிற? உள்ள போ, ஜலதோஷம் பிடிக்கப் போவுது."

கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்தாள். வெற்றுத் தாள் என்று வாங்கி, பின்பக்கம் வாங்க வேண்டிய போல்ட்டு அளவுகளைக் குறித்துக்கொண்டார். பாதிரியார் வந்து ஒரு மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அவர் போன பிறகு ரெய்னோ, "நல்ல மனுஷன்தான். ஆனா கொதிகலனைப் பத்தி இவ்வளவு பேசுவாருன்னு நெனைக்கல," என்றார். ஐலி மார்ச்சில் பிரார்த்தனைக்கும் மே மாதம் அடக்கத்துக்கும் தனியாகவே போனாள். கூடப்பிறந்த அண்ணன் ஒரு பிடி மண் போட வரவில்லையே, இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று ஊர் பேசியது. அவள் என்னவென்று சொல்வாள்? தலையைக் குனிந்துகொண்டு வந்தாள்.

சனிக்கிழமைகள்தான் அவளை அலுக்க வைத்தன. சூலோ செத்தது தெரிந்தவர் யாருக்கும் அவர் தென்படவில்லை, ஐலிக்கும் இல்லை. அவள் கண்டதெல்லாம் ஈரப் பலகை, காலியான கோப்பை, ஏலக்காய் ரொட்டியில் குறைந்துபோன மூன்று துண்டு, சுருட்டி எறிந்த துண்டு. உயிரோடிருந்தபோதும் அவர் துண்டை மடித்து வைத்தவர் இல்லை. "செத்த கொழுந்தனுக்குத் துணி துவைக்கிறவ இந்த மாநிலத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்," என்று சலவை இயந்திரத்திடம் சொல்லிக்கொண்டாள். முதுகு வலித்தது. வாரம் முழுக்க நாக்கை அடக்கி நடந்ததில் அதைவிட அதிகமாகக் களைத்தாள். ஆனால் நான்கரை மணிக்கு நிலவறையிலிருந்து ரெய்னோவின் சிரிப்பு தரைப் பலகை வழியாக மேலே வரும். ஒற்றை ஆளின் சிரிப்பு, நடுநடுவே இன்னொருவர் பேசுவதற்கு இடம் விட்டு. சுரங்கத்தை விட்டு வந்த பிறகு அவர் வேறெங்கும் அப்படிச் சிரித்ததில்லை. அதைக் கேட்டுக்கொண்டே அவள் துண்டை அலசுவாள்.

ஆறாவது வருடம், ஊரோடு வந்துவிட்ட ஹில்மாவுக்கு விஷயம் எட்டியது. ஒரு சனிக்கிழமை நேராக வந்து நிலவறைப் படியில் உட்கார்ந்தாள். கரண்டித் தண்ணீர் தானாக எழும்பிச் சூட்டுக் கற்களில் சீறுவதைப் பார்த்தாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது. மேலே வந்து ஓரகத்தியின் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

"என் வீட்டுக்கு வர வழி தெரியல, இங்க வந்து குளிக்க மட்டும் தெரியுது இந்த மனுஷனுக்கு! நீயும் ஆறு வருஷமா சோறு போட்டுட்டு வாய மூடிட்டு இருந்திருக்க."

"நான் சொல்லாம இருந்தேன்னா நெனைக்கிற? முதல் வருஷமே சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப்போச்சு, ஹில்மா."

"அப்ப வேற வழி பாரு. அவருக்குத் தெரியணும். தெரிஞ்சு வந்து கல்லறையில நின்னு அழணும். அப்பத்தான் என் மனசு ஆறும்."

வழி அந்த வருடமே வந்தது. ஊருக்குப் புதிய அகலப்பட்டை இணையக் கம்பி வந்தது. இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் இணையத்தில் இருக்கலாம். நூலகத்தில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் லோர்னா வந்து பார்த்துவிட்டு, "இது என்ன கூத்து, இத்தனை வருஷமா ஆளுக்குப் பாதியா வாழ்ந்திருக்கீங்க?" என்றாள். "கட்டத்துல குறி போட்டுடறேன். பழசையும் சேர்த்துடலாம். மேல உள்ளதெல்லாம் கீழயும், கீழ உள்ளதெல்லாம் மேலயும் வந்துடும். அரை மணி நேர வேலை."

ஐலி வெகுநேரம் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். சேர்த்துவிட்டால் அந்த நான்கு வரி நிலவறைக்கு இறங்கும். ரெய்னோ அதைப் படிப்பார். அடுத்த சனிக்கிழமை கீழே ஒரு கோப்பை போதும், ஒரு துண்டு போதும், சிரிப்புக்கு வேலையிருக்காது. அவரிடமிருந்து தம்பியைத் தன் கையால் பிடுங்குவதா என்று ஆறு வருடமாக யோசித்த மனசு இப்போது யோசிக்கவும் தெம்பில்லாமல் கிடந்தது. "சேர்த்துடு லோர்னா," என்றாள். "எனக்கு முடியல."

லோர்னா எழுந்தபோது ரெய்னோ நிலவறைப் படியேறி வந்தார். கையில் எண்ணெய்த் துணி. நிலவறை வாசலில் வழி மறித்து நின்றுகொண்டார்.

"வேணாம்மா. இருக்கறபடி இருக்கட்டும்."

"ரெய்னோ, என் பெட்டியில இருக்கறது உனக்குத் தெரிய வேணாமா?" என்றாள் ஐலி.

"வந்தா வரட்டும். எனக்கு அதைப் பத்தி ஒண்ணுமில்ல. என் பெட்டியில இருக்கறது உனக்கு வரக் கூடாது."

"அப்படி என்ன இருக்கு?"

"ஒரு கடிதாசு. நாலு வருஷமாச்சு."

"யாரைப் பத்தி?"

அவர் சொன்னார். உதடு அசைந்தது, கண் நிறைந்துவிட்டது. ஐலியின் காதில் விழுந்தது, இந்த வருடம் ஏரி சீக்கிரமே உறைந்துவிடும் என்பதுதான்.

ஏரிக்காக அழுகிற ஆள் இல்லை ரெய்னோ. ஐலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு வாரம், சர்ச் பெண்கள் காரணமே இல்லாமல் ஆளுக்கொரு பாத்திரம் நூடுல்ஸும் இறைச்சியும் வேக வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏழு பாத்திரம். உறைபெட்டியில் இடமில்லை என்று அவள் அலுத்துக்கொண்டாள். நியேமியில் அப்படிப் பாத்திரம் சாவு வீட்டுக்குத்தான் வரும், அதுவும் செத்தது சொந்த ரத்தமாக இருந்தால். அவளுக்கு இருந்த சொந்தம் மூன்று பேர்: திங்களன்று வந்து தையல் போடும் அக்கா எல்மா, புதனன்று வரும் சித்தி மகள் இர்யா, வெள்ளியன்று வரும் அத்தை மகள் சைமி. தனித்தனியாகத்தான் வருவார்கள். அந்த நாட்களில் ரெய்னோ மேலே வருவதில்லை. அவர்கள் போன பிறகு வந்து, கேட்காமலேயே கோப்பைகளைக் கழுவி வைப்பார்.

"லோர்னா, கம்பியை மட்டும் மாத்திக் கொடு. பெட்டியைத் தொடாத," என்றாள் ஐலி. "காப்பி குடிச்சிட்டுப் போ."

ஹில்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமையிலிருந்து சூலோவுக்கான துண்டை ஹில்மாவே துவைத்து மடித்து அனுப்பினாள். புதிய கம்பியில் கடிதங்கள் வேகமாக வந்தன, முந்திக்கொண்ட பெட்டிக்கு மட்டும்.

முதல் வாரம் ஐலி வந்தவர்களை ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தாள். எல்மாவின் கை சில்லென்றிருந்தது. அது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இர்யா கொஞ்சம் வெளிறியிருந்தாள். சைமி நிறையச் சாப்பிட்டாள். இரண்டாம் வாரம் பார்ப்பதை விட்டுவிட்டாள், காப்பி ஆறிப்போகிறது. கடிதாசு யாரைப் பற்றியது என்று தெரியாததால், மூன்று பேருக்குமே ரொட்டியைப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தாள்.