மறுப்பு, பூஜ்யம்

ஞானசௌந்தரியின் மகன் ரெக்ஸ்லின் அன்று காலை முதல் தடவையாகக் கம்ப்யூட்டர் வழியாக வீட்டுக்கு வருவதாக இருந்தது. கனடாவிலிருந்து விமானத்தில் வர லீவு கிடைக்கவில்லை. தூத்துக்குடியில் அவள் குடியிருந்த அடுக்குமாடியின் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் வந்து போகிறார்கள். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து கட்டளை அடிக்க வேண்டும். மகன் போனில் எழுத்தெழுத்தாகச் சொன்னான். கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்தவள், பிழையில்லாமல் அடித்தாள். அனுமதி கொடு என்று அந்தத் திரையிடம் நேராகச் சொல்ல முடியாதாம். மறுப்பு என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஒன்று என்றிருப்பதைப் பூஜ்யமாக்க வேண்டும். என்ன பிழைப்போ! ஆக்கினாள். ஃபயர்வால் என்ற காவல் சுவரில் வழி விடச் சொன்னான். விட்டாள். சமையலறைச் சுவரில் ஒரு செங்கல் நகர்ந்தது.

அடுத்த நொடி அவள் வராந்தாவில் நின்றாள். கதவு உட்பக்கம் தாழிட்டிருந்தது. உள்ளே மகன் இருமினான். சின்ன வயதிலிருந்து வரும் அதே இருமல்.

கதவைத் தட்டினாள். தட்டிய சத்தம் வரவில்லை.

எதிர்வீட்டு மீரான் பாய் தன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்குள் மகள் வந்திருந்தாள்.

"ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்தாங்க்கா. அவுக உள்ள வந்தா நாம வெளிய."

"பேசக்கூட முடியாதா?"

"அவுக பேசுறது நமக்குக் கேக்கும். நாம பேசுறது அவுகளுக்குக் கேக்காது."

வராந்தா பார்க்கப் பார்க்க நீண்டுகொண்டே போனது. வாசலுக்கு வாசல் ஒரு தகப்பனோ தாயோ உட்கார்ந்திருந்தார்கள்.

மகன் போனதும் கதவு திறந்தது. தலையணையில் இன்னும் சூடு இருந்தது. திரையில் பூஜ்யம் மறுபடி ஒன்றாகியிருந்தது. உடனே போன் வந்தது. இவ்வளவு தூரம் வந்தும் நீ வீட்டில் இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டான். உள்ளதைச் சொன்னால் இனி வரமாட்டான். கடைக்குப் போயிருந்தேன் என்றாள். நாளைக்கும் வருகிறேன், நாளைக்காவது வீட்டில் இரு என்றான்.

மறுநாள் சீலா மீன் குழம்பு வைத்தாள். கறுப்புத் திரையின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அடிக்காவிட்டால் அவள் வீட்டில் இருப்பாள், அவன் இருக்கமாட்டான். ஸ்டூலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பூஜ்யத்தை அடித்தாள்.

வராந்தாவில் ஸ்டூலைக் கதவோடு ஒட்டிப் போட்டாள். உள்ளே தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது.

"எம்மா, குழம்புல உப்பே போடலியே?"

"ஆமாய்யா," என்றாள் ஞானசௌந்தரி, கதவிடம். "நீ எம்மான்னு கூப்பிடணும்லா."