ஷுக்ரி சொன்ன பதில்

எகிப்தின் மன்சூரா நகரில் ஷுக்ரியும் அவன் மனைவி நாஹிதும் ஒரே அலுவலகத்தில் வழக்கறிஞர்கள். சட்டக் கல்லூரியில் மேற்படிப்பு படிக்கலாம் என்று முதலில் ஆசை காட்டியவன் அவன்தான். இரண்டு டிப்ளமோ முடித்தால் முதுகலைக்குச் சமம். தரம் நன்றாக இருந்தால் முனைவர் பட்டத்துக்கும் பதியலாம். அவன் தனியார் சட்டமும் வணிகச் சட்டமும் எடுத்தான். அவள் பொதுச் சட்டமும் நிர்வாகச் சட்டமும் எடுத்தபோது சிரித்தான்.

"அரசாங்கத்து மேல கேஸ் போட்டு எவன் பொழைச்சான்? கம்பெனிக் கேஸ்லதான் காசு."

அவள் இரண்டிலும் "மிக நன்று" வாங்கினாள். அவன் ஒன்றில் தட்டுத் தடுமாறித் தேறினான். இன்னொன்றை மறுபடி எழுதித்தான் தேறினான். அந்தத் தரத்துக்கு முனைவர் படிப்பில் இடம் கிடையாது.

அன்றிலிருந்து அவனுக்குள் ஏதோ புகைந்துகொண்டே இருந்தது. அவள் ஒரு தீர்ப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டிவியில் பந்தாட்டத்தின் சத்தத்தைக் கூட்டுவான். கட்சிக்காரர்கள் அவளைக் கேட்டு வந்தால், அவள் அடுத்த அறையில் இருக்கும்போதே, "வெளிய போயிருக்கா" என்பான்.

சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போனவனை, அவளுடைய பேராசிரியர் வஹ்பி தாழ்வாரத்தில் நிறுத்தினார்.

"நாஹித் எப்பப் பதியப் போறாங்க? இந்த வருஷம் என்கிட்ட ஒரு இடம்தான் இருக்கு."

"அவளுக்கு விருப்பமில்ல டாக்டர். ரெண்டு புள்ளைங்க, வீடு... படிச்சது போதும்னுட்டா."

யோசிக்காமல் வந்த பதில். வஹ்பி வருத்தத்தோடு தலையாட்டினார். "அப்ப வேற ஆளுக்குக் குடுத்துடறேன்."

வீட்டுக்குப் போகிற வழியில் அவளுக்குப் பிடித்த பஸ்பூஸா இனிப்பு வாங்கிப் போனான். அவள் சந்தோஷமாகச் சாப்பிட்டாள். அவன் தன் பங்கையும் அவள் தட்டிலேயே வைத்தான்.

சில நாள் கழித்து நாஹித் தானே வஹ்பியைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தவள் கட்சிக்காரர் எழுந்து போகும்வரை பொறுத்திருந்து, அவன் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"உஸ்தாஸ் ஷுக்ரி," என்று வக்கீலை அழைக்கும் மரியாதையோடு தொடங்கினாள். "ஒரு சந்தேகம். வக்காலத்து இல்லாம ஒருத்தருக்காக ஆஜராகலாமா?"

அவன் முகம் வெளுத்தது. "நாஹித்..."

"கோர்ட்டுல செஞ்சா கோட்டைக் கழட்டி வாங்கிடுவாங்க. கட்டின பொண்டாட்டிக்குச் செஞ்சா பஸ்பூஸாவோட முடிஞ்சிடுமா?"

"எனக்குப் பொறுக்கல," என்றான். முதன்முறையாக உண்மை வெளியே வந்தது. "நீ டாக்டர் ஆயிட்டா நான் யாரு?"

"அப்பவும் வக்கீல்தான். இப்ப இருக்கறதைவிடக் கொஞ்சம் யோக்கியமான வக்கீலா இருந்தாச் சரி."

ஓராண்டு காத்திருந்து, வஹ்பியிடம் அடுத்துக் கிடைத்த இடத்தில் பதிந்தாள். அந்த ஆண்டு முழுக்க அவனோடு தேவைக்கு மட்டுமே பேசினாள்.

சில ஆண்டுகள் கழித்து, அவளுடைய ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வன்று அரங்கம் நிறைந்திருந்தது. ஷுக்ரி பிள்ளைகளோடு முன்வரிசையில் உட்கார்ந்தான். தேர்வாளர் ஒருவர் குறுக்குக் கேள்வி கேட்டார்; நாஹித் ஒரு கணம் தடுமாறினாள். அந்த ஒரு கணம் அவன் மனம் துள்ளியது. மறுகணமே கூசிப்போய்ப் பக்கத்திலிருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டான். நாஹித் தண்ணீர் குடித்தாள். பிறகு பொறுமையாக, வரிக்கு வரி பதில் சொன்னாள்.

பட்டத்தை அறிவித்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். நீதிமன்ற எழுத்தர் ஓடிவந்து ஷுக்ரியைக் கட்டிக்கொண்டார்.

"மப்ரூக், வாழ்த்துகள், டாக்டரம்மா வீட்டுக்காரரே!"

சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையை நோக்கி நடந்தான்.