பெயர்க் கட்டம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதைவிடச் சட்டென்று வருவது, தேவையில்லாத எதைப் பார்த்தாலும் தூக்கி எறிய வேண்டும் என்கிற அரிப்பு. அம்மா மடித்து மடித்துச் சேர்த்து வைக்கும் ஜவுளிக்கடைப் பைகளை மாதம் ஒருமுறை நான்தான் குப்பையில் போடுவேன். "ஒன்னயக் கட்டிக்கிறவன் பாவம்டி" என்பார் அம்மா. ஆபீசிலும் என் வேலை ஏறக்குறைய அதேதான்.

கப்பலூரில் எங்கள் கம்பெனி தண்ணீர் பம்புகளுக்கு ரப்பர் வளையம் செய்கிறது. நூற்று நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். நான் ஷைமா, கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்தி மட்டும்தான். பதினோரு வருடமாக மாடிப்படிக்குக் கீழே ஒரு சர்வர் உறுமிக்கொண்டு கிடந்தது. லீவு, மெஷின் ரிப்பேர், கேன்டீன் டோக்கன், ஸ்டோர் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுவரை கம்பெனியின் அத்தனை சமாச்சாரமும் அதற்குள் லிஸ்ட் லிஸ்டாகக் கிடந்தது. போன மார்ச்சில் அவ்வளவையும் ஆன்லைனுக்கு ஏற்றினோம். சர்வரை அணைத்த அன்று மாடிப்படியே குளிர்ந்துவிட்டது.

ஏற்றியது ஒரு வேலை என்றால், ஏறியதைச் சீர்செய்வது ஒன்பது வேலை. பழைய ஃபார்ம்கள் எல்லாம் கோணல்மாணலாக வந்து நின்றன. லீவு ஃபார்மில் மட்டும் பதினேழு கட்டங்கள். அப்பா பெயர், ரேஷன் கார்டு எண், பஸ் ரூட்! ஒரு நாள் லீவுக்கு எதற்கய்யா பஸ் ரூட்? உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினேன். கடைசியில் நான்கே கட்டங்கள் மிஞ்சின. எந்தத் தேதியிலிருந்து, எதுவரை, என்ன வகை லீவு, என்ன காரணம். 'பெயர்' என்ற கட்டத்தையும் எடுத்துவிட்டேன். உள்ளே நுழைந்தவர் யாரென்று கணினிக்கே தெரியும், 'பதிந்தவர்' என்று அதுவே பெயரைப் போட்டுக்கொள்ளும். அப்புறம் எதற்கு மறுபடி கேட்பது?

அதோடு விடவில்லை. நிரப்பியதில் யாருக்கு எது தெரிய வேண்டும் என்று தேர்ந்து காட்டும் பக்கத்தை வியூ என்போம். பெர்சனல் மேனேஜர் கண்ணுச்சாமி சாருக்கென்று போட்ட வியூவில் காரணம் என்ற பத்தியை மறைத்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பழைய தளத்தில் பொம்பளைப்பிள்ளைகள் எழுதிய 'வயிற்று வலி'யை ஆபீஸ் பையன்கள் சத்தமாக வாசித்துச் சிரித்ததை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். இனி எவனும் வாசிக்க முடியாது. கண்ணுச்சாமி சார் பார்த்துவிட்டு, "அடடா, வீட்டுக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு ஷைமா" என்றார். மூன்று மாதம் அந்தப் பெருமையில்தான் திரிந்தேன்.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, பேக்கிங் ஹாலுக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார் சார். லேப்டாப்போடு வரச் சொன்னார்.

பேக்கிங்கில் பன்னிரண்டு பெண்கள். நீளமான ஒரே மேஜையின் இரு பக்கமும் நின்று வளையங்களை எண்ணி, கவரில் போட்டு ஒட்டுவார்கள். மேஜைத் தலைமாட்டில் ஒச்சாயியக்கா நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும், எட்டு வருடமாக அங்கே வேலை பார்க்கிறார். அவர் முன்னால் ஒரு தாள் கிடந்தது. 'சொல்லாமல் ஆறு நாள் வேலைக்கு வராதது என் தவறு, மன்னித்து வேலையில் தொடர அனுமதிக்க வேண்டும்' என்று டைப் அடித்த மன்னிப்புக் கடிதம். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"நான் சொல்லிட்டுத்தான் சார் போனேன். எங்க வீட்டுக்காரரு கால் ஒடிஞ்சு பெரியாஸ்பத்திரியில கெடந்தாரு. தமிழுகிட்ட போன்ல சொன்னேன், எழுதிர்றேன்னு சொன்னா" என்றார் ஒச்சாயியக்கா.

தமிழ்ச்செல்வியக்கா பேக்கிங் சூப்பர்வைசர். அன்று அவர் ஊரில் இல்லை. பேரையூரில் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து என்று போயிருந்தார், போனையும் எடுக்கவில்லை. சார் என்னைப் பார்த்தார். லேப்டாப்பைத் திறந்து வியூவைக் காட்டினேன். ஒச்சாயி என்ற பெயரில் ஒரு வரி கூட இல்லை.

"எழுதலைக்கா. இங்க பாருங்க, ஒண்ணுமே இல்ல."

"தமிழு எழுதாம விட்டுருக்க மாட்டா. நல்லாப் பாருங்க பாப்பா."

நான் செய்து அழகு பார்த்த பக்கத்தை நல்லாப் பார் என்கிறாரே என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுக்கா. நீங்க பொய் சொல்லாதீங்க" என்றேன். வாயிலிருந்து வந்தே விட்டது. மற்ற பதினோரு பேரும் கவர் ஒட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஒச்சாயியக்கா தாளைத் தள்ளி வைத்தார். "செய்யாத தப்புக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். கையெழுத்துப் போடாவிட்டால் உள்ளே விட முடியாது என்றார் சார். ஒச்சாயியக்கா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். நான் என் இடத்துக்கு வந்து அடுத்த ஃபார்மை வெட்டிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை தமிழ்ச்செல்வியக்கா நேராக என் மேஜைக்கு வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நான் எழுதுனேன் பாப்பா. இந்தக் கையால எழுதுனேன். அவள அனுப்பிட்டீகளாம்ல?"

"நீங்க எழுதியிருந்தா இருக்கணும்லக்கா?"

"பன்னெண்டு பேருக்கும் நாந்தான எழுதுறேன்? அவளுகளுக்கு ஏது லாகினு? பேக்கிங்குக்கு நீங்க குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான், அது எம்பேருல இருக்கு."

பன்னிரண்டு பேருக்கும் அவர்தான் எழுதுகிறார். விடிகாலையில் போன் வரும், 'எழுதிருங்கக்கா' என்பார்கள், இவர் வந்ததும் முதல் வேலையாகப் பதிவார். எத்தனையோ வருடமாக அந்த ஹாலில் அப்படித்தான் நடக்கிறது. அது கம்பெனிக்கே தெரியும். எனக்கும் தெரியும், சத்தியமாகத் தெரியும். ஃபார்மை வெட்டும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பதிந்தவர் தமிழ்ச்செல்வி என்று தேடினேன். மூன்று மாதத்தில் அறுபத்தொரு நாள் லீவு. இந்தக் காதுகுத்து வரை ஒருநாள் தவறாமல் வேலைக்கு வந்தவர் பெயரில் அறுபத்தொரு நாள்! சூப்பர்வைசர்கள் லீவுக்கு வேறு வியூ, அதை வருடக் கடைசியில்தான் யாராவது திறப்பார்கள். அதனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. மறைத்து வைத்த காரணப் பத்தியை வெளியே கொண்டுவர ஒரு டிக் போதும். போட்டேன். பக்கம் நிறையப் பெயர்கள் வந்து விழுந்தன.

'ஒச்சாயி. வீட்டுக்காரருக்குக் கால் ஒடிஞ்சிருச்சு. ஆறு நாள்.' 'தங்கப்பொண்ணு. பிள்ளைக்கு அம்மை.' எல்லாவற்றுக்கும் மேலே, ஏப்ரல் முதல் வாரத்தில், புது ஃபார்மில் அவர் எழுதிய முதல் பதிவு இருந்தது: 'பாப்பா, பேரு போடுற எடத்தக் காணோம். இதுலயே பேரையும் சேத்து எழுதுறேன், பாத்துக்க.'

யா அல்லாஹ். எனக்குத்தான் எழுதியிருக்கிறார். நான் செய்த ஃபார்மிலேயே, நான் மறைத்த பத்தியிலேயே எழுதியிருக்கிறார். நான் அந்தப் பக்கத்தின் அழகைத்தான் தினமும் பார்த்தேன், ஒருநாளாவது வரிகளை வாசித்தேனா?

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? போயி அவகிட்டச் சொல்லுங்க" என்றார்.

கண்ணுச்சாமி சாரிடம் போய் முழுவதையும் சொன்னேன். "சரி, கட்டத்தத் திருப்பிப் போட்டுரு. அந்தம்மாகிட்ட போயி, கம்பெனி மன்னிச்சிருச்சு, வேலைக்கு வாங்கன்னு சொல்லு" என்றார்.

"மத்தவங்களுக்கு சார்? அவங்க லீவும் இப்படித்தான மாறியிருக்கும்?"

"அதெல்லாம் ஒண்ணு ரெண்டு நாளு. யாரும் சத்தம் போடலையே, அப்படியே மாத்தி விடு."

சரிதான், யாரும் சத்தம் போடவில்லை. நானும் அதோடு அதை விட்டுவிட்டேன். அரைமணி நேரத்தில் பெயர்க் கட்டத்தைத் திருப்பி வைத்தேன். பன்னிரண்டு பெயரையும் அதில் ஏற்றி, பதிவுகளைச் சரிசெய்தேன். மத்தியானம் தமிழ்ச்செல்வியக்காவோடு வில்லாபுரம் போனேன்.

மாடியில் ஒற்றை அறை. ஒச்சாயியக்காவின் கணவர் சிவனாண்டி மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்காலி போட்டார்கள். "டீ குடிங்க மேடம்" என்றார் ஒச்சாயியக்கா. அதுவரை என்னை அவர் மேடம் என்று கூப்பிட்டதே இல்லை.

"கம்பெனி மன்னிச்சிருச்சுக்கா. நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னாங்க" என்றேன். சார் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன்.

"மன்னிச்சுட்டாகளா? நான் என்ன செஞ்சேன்னு மன்னிக்கிறாக?"

உள்ளதை உள்ளபடி சொன்னேன். கட்டம், பத்தி, வியூ எல்லாவற்றையும் சொன்னேன். ஒச்சாயியக்கா முழுசும் கேட்டார்.

"அப்ப தமிழு எழுதியிருக்கா."

"எழுதியிருக்காங்கக்கா."

"எழுதுனத நீங்க வாசிக்கல."

"வாசிக்கலக்கா."

"விடு ஒச்சாயி, பாப்பாவே வீடு தேடி வந்துருச்சு" என்றார் சிவனாண்டி.

"நீங்க ஒங்க காலப் பாருங்க" என்றுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மேடம், எட்டு வருசத்துல ஒரு வளையம் கொறஞ்சுச்சுன்னு ஒருத்தன் சொன்னதில்ல. பதினோரு பேரு முன்னாடி என்னயப் பொய்யின்னு சொன்னீக. எம்புட்டு அசிங்கமா இருந்துச்சு தெரியுமா? பஸ்ஸுல அழுதுக்கிட்டே வந்தேன். இங்க மாடியில வந்து சொன்னா அவளுகளுக்கு எப்படித் தெரியும்? எங்க வச்சுச் சொன்னீகளோ, அங்க வச்சுச் சொல்லுங்க. நாளைக்கு வாரேன். சொன்னா நிக்கிறேன், இல்லாட்டி வேற கம்பெனியில கூப்புட்டிருக்காக."

அன்று ராத்திரி வீட்டில் அதையே யோசித்தேன். நான் தப்பு என்று பதினோரு பேர் முன்னால் சொல்வதா? என் வாழ்க்கையில் ஒருவர் முன்னால்கூட அதைச் சொன்னதில்லை. கண்ணுச்சாமி சாரைக் கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை.

வியாழக்கிழமை எட்டரை மணிக்கு பேக்கிங் ஹாலுக்குப் போனேன். ஒச்சாயியக்கா வந்திருந்தார். மேஜைப் பக்கம் போகாமல் தூக்கோடு வாசலிலேயே நின்றார். மேஜையைச் சுற்றி மற்ற பதினோரு பேர், தலைமாட்டில் தமிழ்ச்செல்வியக்கா.

"அக்கா எல்லாரும் கேளுங்க. திங்கக்கிழமை ஒச்சாயியக்காவ நான் பொய் சொல்றாங்கன்னு சொன்னேன். அவங்க பொய் சொல்லல. சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க, தமிழக்கா அத ஒழுங்கா எழுதியிருக்காங்க. பேரு எழுதுற கட்டத்த எடுத்தது நான். எழுதுனத மறச்சு வச்சதும் நான். கம்ப்யூட்டர் மேல தப்பில்ல, தப்பு என்னுது. ஏப்ரல்ல இருந்து நீங்க சொல்லிட்டு எடுத்த லீவு எல்லாமே சொல்லாம எடுத்ததா ஆகிப்போச்சு. இப்பச் சரிபண்ணிட்டேன்."

ஒச்சாயியக்கா தூக்கை அலமாரியில் வைத்துவிட்டு வந்து தன் இடத்தில் நின்றார். "சரி பாப்பா" என்றார். திரும்பி நடந்தேன்.

"பாப்பா, ஒரு நிமிசம்."

தங்கப்பொண்ணு. அந்த மேஜையிலேயே இளையவள், சத்தமாகப் பேசிக்கூட நான் கேட்டதில்லை.

"அப்ப நான் கையெழுத்துப் போட்ட கடுதாசிய என்ன பாப்பா செய்றது?"

"என்ன கடுதாசி?"

"ஒச்சாயியக்காவுக்குக் குடுத்தாகளே, அதே கடுதாசிதான். பிள்ளைக்கு அம்மைன்னு ரெண்டு நாள் எடுத்ததுக்கு சார் ரூமுக்குக் கூப்புட்டு நீட்டுனாரு. தப்புதான்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

"வேற யாரெல்லாம் போட்டீங்க?" என்று கேட்டேன். மேஜையின் இரண்டு பக்கமும் கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன. ஐந்து கைகள். ஒருத்திக்கொருத்தி தெரியாமல் போட்டிருக்கிறார்கள், இப்போது ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தமிழ்ச்செல்வியக்கா தலைமாட்டை விட்டு முன்னால் வந்தார். "அடியேய், நீங்க சொன்ன ஒவ்வொண்ணையும் எழுதுனேனேடி. ஏண்டி ஒருத்திகூட எங்கிட்ட வந்து கேக்கல?"

தங்கப்பொண்ணு கையை இறக்கவில்லை.

"நீங்கதான் எழுத மறந்துட்டீக போலன்னு நெனச்சோம்க்கா. கேட்டா ஒங்க வேலை போயிருமேன்னு போட்டுட்டோம்."