சீருடைக்குச் சொல்லும் பதில்

தஞ்சம் கேட்டு வந்து இறங்கிய முதல் நாளே, என் குடும்பத்தின் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டேன். விமான நிலையத்தில் எங்களைத் தனித்தனி மேசைக்கு அனுப்பினார்கள். என் மேசையில் சீருடை போட்ட ஒருத்தி பெயர், வயது, தொழில் என்று கேட்டுக்கொண்டே வந்து, மதம் என்ன என்றாள். மொழிபெயர்ப்பாளர் கேள்வியை முடிப்பதற்குள் நான் ஒப்பித்துவிட்டேன்.

"எல்லாரும் கும்பிடற சாமியத்தான் நாங்களும் கும்பிடறோம்."

அவள் எழுதிக்கொண்டாள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

பொய். எங்கள் சாமி வேறு. அந்தச் சாமியைக் கும்பிட்டதற்காகத்தான் என் கொழுந்தனை அவனுடைய மருந்துக்கடைக்குள் பூட்டிக் கொளுத்தினார்கள். வாடகை வீடு தேடும்போதும், பள்ளியில் சேர்க்கும்போதும், வழியில் வண்டியை மறிக்கும்போதும் பதினெட்டு வருடமாக எங்களுக்கு இந்த ஒரே பதில்தான். சீருடையைக் கண்டால் யோசிக்காமல் வரும். மகளுக்குப் பேச்சு வந்ததும் நான் சொல்லிக்கொடுத்த முதல் முழு வாக்கியமும் இதுதான். தடுமாறினால் தொடையில் கிள்ளுவேன். பாவி நான்.

அடுத்த விசாரணையில் உண்மையைச் சொன்னோம். எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முதல் நாள் ஒரு மதம், பிறகு வேறு மதம், ஆகவே நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதோடு விட்டார்களா? உண்மையாகவே இருந்தாலும், இத்தனை வருடம் மறைத்து வாழத் தெரிந்தவர்கள் திரும்பிப் போய் அப்படியே வாழலாமாம். எழுதிய மகராசன் ஒரு வாரம் வந்து எங்கள் ஊர் வீட்டில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

என் கணவர் ஒரு சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறார். கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

மேல்முறையீடு ஒன்றுதான் பாக்கி. அதிலும் தோற்றால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். சித்தப்பாவின் கடை எரிந்ததை மகள் கண்ணால் பார்த்திருக்கிறாளே, அவளைப் பேச வைக்கலாம் என்றார் வக்கீல். குழந்தைகள் பொய் சொல்லாது என்று அதிகாரிகள் நம்புவார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒரு வாரம் அவளை மடியில் வைத்துக்கொண்டு அதையே சொன்னேன்.

"இங்க நெசத்தைச் சொல்லலாம் கண்ணு. யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

ஏழு வயதுக்காரி, எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மேல்முறையீட்டு விசாரணை நாளன்று எங்களை விசாரித்த அதிகாரி சீருடை இல்லாமல் கோட்டு போட்டிருந்தார். நல்ல மனிதர்தான், குழந்தைக்குத் தானே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு, உங்கள் வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுவீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். மகள் அவரைப் பார்த்தாள். அப்புறம் அவருக்குப் பின்னால், கதவருகே சீருடையில் நின்ற காவலாளியைப் பார்த்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"எல்லாரும் கும்பிடற சாமியத்தான் நாங்களும் கும்பிடறோம்."

மொழிபெயர்ப்பாளர் சொல்ல, அதிகாரி எழுதினார். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் என் பக்கம் திரும்பினாள். ஒரு கை தொடையை மூடியிருந்தது.

"தடுமாறாம சொன்னேனாம்மா?"

எங்களை இத்தனை நாள் உயிரோடு வைத்திருந்த பதிலைத்தான் பிள்ளை சொல்லியிருக்கிறாள். அவளிடம் எப்படித் தப்பு என்று சொல்வேன்?

"தடுமாறாமத்தான் சொன்ன, கண்ணு" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதையும் அதிகாரிக்கு மொழிபெயர்த்தார்.