தீர்ந்துபோன நன்றிகள்

2007ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் தேதி, திருநீற்றுப் புதன்கிழமை மாலை, புதுச்சேரி ரெட்டியார்பாளையத்திலுள்ள தம் வீட்டில் சவரிராயன் ஒரு விதியை அறிவித்தார். அன்று தொடங்கிய தவக்காலம் முழுவதும் மாலைச் செபம் முடிந்ததும், ஒவ்வொருவரும் அன்றைக்குத் தமக்கு உதவிய வீட்டார் ஒருவரைப் பெயர் சொல்லி, செய்த காரியத்தையும் சொல்லி நன்றி கூற வேண்டும். ஆளுக்கொரு வேலைக்கு ஓடும் வீட்டில் அவர், மூத்த மகன், இரண்டு மருமகள்கள் என நால்வரும் ஒன்றாக உட்காருவதே அந்த நேரத்தில்தான். ஒருமுறை சொன்ன காரியத்தை மறுபடியும் சொல்லக் கூடாது என்பதையும் அவர் சேர்த்துக்கொண்டார்.

“ஒரே மெர்சிய தெனம் சொன்னா வாய்தான் சொல்லும், மனசு சொல்லாது” என்றார். நன்றிக்கு ‘மெர்சி’ என்ற பிரெஞ்சுச் சொல்தான் அந்த வீட்டில் வழக்கம்.

மூத்த மருமகள் ஆனந்தமேரி விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் சமைத்து, டப்பாக்களில் கட்டிக் கொடுத்துவிட்டுத் துணித் தொழிற்சாலைக்கு ஓடுபவள். முதல் வாரம் காப்பிக்கும் சோற்றுக்கும் துவைத்த சட்டைக்கும் எல்லோரும் அவளையே சொன்னார்கள். அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வாரம் முடிந்தபோது அவளுடைய வேலைகள் தீர்ந்துபோயின. மறுநாளும் அதே வேலைகளைச் செய்தாள். ஆனால் அவற்றைச் சொல்ல விதி இடம் கொடுக்கவில்லை.

இளையவள் அஞ்சலிக்கு அந்தக் குறை இல்லை. கணவன் துபாயில், அவளுக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. ஒருநாள் மாமனாரின் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து கொண்டுவந்தாள். ஒருநாள் கரண்ட் பில் கட்டினாள். ஒருநாள் பேக்கரியிலிருந்து சூடாக பன் வாங்கிவந்தாள். எல்லாம் புதிது. தன் பெயர் சொல்லப்படும்போது அவள் நற்கருணை வாங்கப் போகிறவளைப் போலத் தலையைத் தாழ்த்திக்கொள்வாள். அந்தத் தாழ்ந்த தலையைப் பார்க்கப் பார்க்க ஆனந்தமேரிக்கு வயிறு எரிந்தது. மற்றவர்கள் அருள்நிறை மரியே சொல்லும்போது, இன்றைக்கு இவள் என்ன செய்துவைத்திருக்கிறாளோ என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அஞ்சலி ஒருநாளாவது வெறுங்கையோடு வர வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டாள்.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை ஆனந்தமேரி அரைநாள் விடுப்பு எடுத்தாள். குருசுக்குப்பத்து மீன்காரி வீராயியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துப் பால்சுறா வாங்கி, புட்டு செய்தாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் செய்யாத பதார்த்தம் அது. செபத்துக்கு முன்பே அவள் கணவன் ரிச்சர்ட் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். அவன் முறை வந்தது.

“என் வண்டிக்கு இன்சூரன்ஸ் புதுப்பிச்சுக் குடுத்த அஞ்சலிக்கு மெர்சி.”

“ஏங்க, புட்டு?” என்றாள் ஆனந்தமேரி.

“சமையலுக்குத்தான் மொத வாரமே சொல்லிட்டேனே.”

“புட்டும் சோறும் ஒண்ணா?”

“ரெண்டும் வாய்க்குள்ளதானே போவுது!”

சவரிராயன் சிரித்துவிட்டார். அஞ்சலி தலையைத் தாழ்த்தினாள். அடுத்தது ஆனந்தமேரியின் முறை.

“இன்னிக்கு சுறாப்புட்டு செஞ்ச ஆனந்தமேரிக்கு மெர்சி” என்றாள்.

“தனக்குத்தானே சொல்றது எந்த ஊரு வழக்கம்மா?” என்றார் சவரிராயன்.

“கூடாதுன்னு நீங்க சொல்லல மாமா. எம் பேரச் சொல்ல இந்த வீட்ல வேற ஆளு இல்ல. காலைல நான் அடுப்ப மூட்டலன்னா ஒருத்தரும் வாசலத் தாண்ட முடியாது. அது ஒருநாள் சொன்னா தீந்துபோற வேலையா?”

“நீ என்ன, அஞ்சலி மேல பொறாமப்படுறியா?” என்றான் ரிச்சர்ட்.

“ஆமா. படுறேன்.”

அஞ்சலி தலையை நிமிர்த்தினாள்.

“நானும்தான்க்கா படுறேன். காலைல வீடெல்லாம் உங்க கை வாசனைதான். எனக்கு இங்க என்ன இருக்கு? பேரு சொல்லட்டும்னுதான் தெனம் எதாச்சும் புதுசா தேடி அலையிறேன். நாளைக்கு என்ன பண்றதுன்னு இன்னும் தெரியல.”

ஆனந்தமேரிக்கு இரக்கம் வரவில்லை. ‘இதையும் எவ்வளவு அழகாகச் சொல்கிறாள்’ என்றே தோன்றியது.

சவரிராயன் தம் விதியைத் திருத்தினார். அன்று முடிவானவை இவை: சொன்ன காரியத்தையே மறுநாளும் சொல்லலாம். நன்றிக்காக எவரும் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அஞ்சலியுடையது. மனம் வராத நாளில் ஒருவர் பேசாமல் இருக்கலாம். மறுநாள் செபத்தில் மற்ற மூவரும் காலைக் காப்பிக்காக ஆனந்தமேரியைச் சொன்னார்கள். தன் முறை வந்தபோது அவள் பேசாமல் இருந்தாள்.