ஒரே பந்துக்கு ரெண்டு பேர்

செல்வலட்சுமி தண்ணீர்க் குடத்தை இறக்கும்போதுதான் பார்த்தாள். பெரிய அண்ணன் வெள்ளத்துரை மாட்டுக்கொட்டத்துக் கூரையில் செருகியிருந்த அருவாளை உருவி, முதுகுப்பக்கம் வேட்டிக்குள் சொருகிக்கொண்டான்.

"எதுக்குண்ணே அது?"

"ஓலை வெட்ட."

பாடைக்கு வேண்டிய பச்சை ஓலை காலையிலேயே வந்து, பின்னியும் முடிந்திருந்தது.

சின்ன அண்ணன் பூமிநாதன் பந்தலில் கிடந்தான். நேற்று திருச்சுழியில் புட்பால் பைனல். உயர வந்த ஒரே பந்துக்கு இரண்டு பேர் எம்பினார்கள். பரளச்சி டீமில் முன்வரிசையில் ஆடிய பூமிநாதன். எதிர் டீமின் பின்வரிசையில் நின்று மறிக்கிற மாரிசெல்வம். தலையும் தலையும் மோதிய சத்தம் ரோட்டு டீக்கடை வரைக்கும் கேட்டதாம். பூமிநாதன் எழுந்து, சோடா குடித்து, சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தான். ராத்திரியெல்லாம் வாந்தி. விடியும்போது, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், காரிலேயே முடிந்துவிட்டது.

மாரிசெல்வம் பாளையம்பட்டி மளிகைக் கடைக்காரர் மகன். பூமிநாதனோடு ஒரே பள்ளிக்கூட டீமில் ஆடி, இந்த வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். இரண்டு வருஷமாக மெட்ராஸ் கிளப் ஒன்றில் சம்பளத்துக்கு ஆடுகிறான். இப்போது கல்கத்தாவில் பெரிய கிளப் கூப்பிட்டிருந்தது. லீவுக்கு வந்தவனைத்தான் திருச்சுழிக்காரர்கள் இறக்கியிருந்தார்கள்.

"கால வச்சுத்தான அவன் பொழைக்கான்? அது இருந்தாத்தான?" என்று உடலை இறக்கும்போது வெள்ளத்துரை முனகியது செல்வலட்சுமிக்கு மட்டும்தான் கேட்டது. அப்பா போய்ப் பல வருஷம். ஒரு அண்ணன் பந்தலில். இன்னொரு அண்ணன் ஜெயிலில் என்றால், அம்மாவும் அவளும் யாரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது? மாரிசெல்வம் மட்டும் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இருந்தாள்.

வந்துவிட்டான். பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் மாலையோடு.

"கல்கத்தாக்காரரு வாராருய்யா, வழி விடுங்க. இல்லன்னா நம்மளையும் முட்டித் தள்ளிருவாரு" என்றது ஒரு குரல்.

சங்கரலிங்கம் சித்தப்பா குறுக்கே போய் நின்றார். "ஏலே, புத்தி கெட்டுப்போச்சா? வந்த பஸ்ஸுலயே ஏறு."

"அவன வழியனுப்பிட்டுப் போறேன், சித்தப்பா."

துட்டி கேட்க வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஆண்களிடம் கை நீட்டுவார்கள். மாரிசெல்வம் வெள்ளத்துரைக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டினான். வெள்ளத்துரை தன் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"ஏ மாரி! ஒன் சேக்காளி என்னோட பேசமாட்டேங்கான்டா!" என்று அம்மா மூக்கம்மாள் கத்தினாள்.

பாடையைத் தூக்கும்போது முன்கம்புக்கு மாரிசெல்வம் தானாகவே தோள் கொடுத்தான். யாரும் தடுக்கவில்லை. வெள்ளத்துரை குளித்த ஈர வேட்டியோடு, கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். ஈரத்துணிக்கு அடியில் அருவாளின் வளைவு அப்பட்டமாகத் தெரிந்தது. மாரிசெல்வம் அதைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தான். கம்பை விடவில்லை.

ஊர் மந்தைவெளியோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். கரிசக்காட்டைத் தாண்டி, கருவேல மரங்களுக்குள் பாடை மறைந்தது. செல்வலட்சுமி திரும்பி வந்து வீட்டைக் கழுவினாள். சத்தம் ஏதாவது வருகிறதா என்று நடுநடுவே வாளியை வைத்துவிட்டுக் கேட்டாள். காற்று மட்டும் அடித்தது.

ஆண்கள் பம்புசெட்டில் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். வெள்ளத்துரை மொட்டைத் தலையோடு வந்தான். இடுப்பில் ஒன்றும் இல்லை. அவனுடைய கை மாரிசெல்வத்தின் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. மாரிசெல்வமும் மொட்டை.

சித்தப்பா அவள் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார். "அவனாப் போயி உக்காந்தான், தம்பி மொறைக்கு எனக்கும் எடுங்கன்னு. முடி எறங்கவும் எல்லாரும் பாத்தோம். ஒங்கண்ணன் அருவாளக் கீழ போட்டுட்டான்."

அவளும் பார்த்தாள். இவ்வளவு நேரமும் முடி மறைத்திருந்த இடம். காதுக்கு மேலிருந்து பிடரி வரைக்கும் கன்னங்கரேலென்று வீங்கியிருந்தது.

"ஒரு காரு பிடிங்க. மதுரைக்கு. சீக்கிரம்!" வெள்ளத்துரை கத்தினான்.

"எனக்கென்னண்ணே, நல்லாத்தான இருக்கேன்" என்று மாரிசெல்வம் சிரித்தான். "வெள்ளிக்கிழம ரயிலேறணும். லட்சுமி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தா."

சொம்பை நீட்டினாள். அவனும் கை நீட்டினான். விரல்கள் சொம்புக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றை மூடின.

செல்வலட்சுமி சொம்பை அவன் கை இருந்த இடத்துக்கு நகர்த்தினாள்.