ஒன்றும் எடுக்காத திருடன்

என் அப்பா ஜெபம் பண்ணும்போது ஒரு கண்ணைத்தான் மூடுவார். இன்னொரு கண் ஆலயத்துக்குள் ரோந்து போய்க்கொண்டிருக்கும். அவருக்குப் பூட்டுத் தொழில். பூட்டு ரிப்பேர் பார்ப்பார், சாவி வெட்டிக் கொடுப்பார், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்ட புத்திசாலிகளுக்குக் கதவைத் திறந்துவிடுவார். மனிதர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று ஒருநாள் அவர் நம்பிவிட்டால் மறுநாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த ஆபத்து எங்களுக்கு ஒருபோதும் வந்ததில்லை.

இயேசுவின் சீடர்களில் அவருக்குப் பிடித்தவர் பேதுரு. பரலோகத்தின் சாவி அவரிடம்தானே கொடுக்கப்பட்டது என்பார்.

"இயேசுவையே மூணு தடவை தெரியாதுன்னு சொன்னவருங்க அவரு" என்பாள் அம்மா.

"அது விசாரணையில. விசாரணையில எவனும் அப்படித்தான் சொல்லுவான்."

எங்கள் ஆலயத்தின் சாவியும் அப்பாவிடம்தான் இருந்தது. ஞாயிறு ஆராதனைக்குத் திறப்பார், முடிந்ததும் பூட்டுவார். பூட்டியபின் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். பாதி வழி வந்தபின் எங்களை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் போய் இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். அம்மா அதற்குள் எதிரில் வருகிற எல்லோரிடமும் நலம் விசாரித்து முடித்திருப்பாள்.

இந்தப் பழக்கத்துக்கு முன்னால் ஒரு சித்தப்பா இருந்தார். அதன்பிறகும் இருந்தார், ஆனால் எங்களுக்கு இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே கடையில் உட்கார்ந்து பூட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் கடை திறந்து கிடந்தது. ஒன்றும் காணாமல் போகவில்லை. ஏதாவது போயிருந்தால் அப்பா நிம்மதியாகத் திட்டிவிட்டு விட்டிருப்பார். ஒன்றும் போகாததுதான் அவரைக் குடைந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலய முற்றத்தில், நான்கு பேர் காதில் விழும்படி, "அந்தப் பூட்டைத் திறக்கத் தெரிஞ்சவங்க உலகத்துல ரெண்டே பேரு. நான் திறக்கலை" என்றார். சித்தப்பா அண்ணன் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி நடந்தவர்தான், கடைக்கும் வரவில்லை, ஆலயத்துக்கும் வரவில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.

இப்படியிருக்க, எங்களுக்குப் புதுப் போதகர் வந்தார். வயது குறைவு, சிரிப்பு அதிகம். "காரணம் இல்லாம சிரிக்கிறான், கவனிச்சியா?" என்றார் அப்பா. போதகர் எந்த மாற்றமும் செய்யாதவரை சபை அவரை மிகவும் நேசித்தது. இரண்டாம் மாதம், பிரசங்க மேடையிலிருந்து, ஏதோ மழை வரும்போலிருக்கிறது என்பதுபோல, இனி ஆலயக் கதவு தினமும் பகல் முழுக்கத் திறந்திருக்கும், யாரும் எப்போதும் வரலாம் என்று சொன்னார்.

சபையில் ஒரு இருமல்கூட இல்லை. எங்கள் சபையில் இருமல் இல்லையென்றால் விஷயம் மோசம்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. செயலாளரை நாங்கள் மைக் மாமா என்போம். அறிவிப்பு வாசிக்க வாங்கிய மைக்கை அவர் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

"பாஸ்டர், கதவு திறந்திருந்தா யார் வேணா உள்ள வந்துடுவாங்களே!"

"அதுக்குத்தானே ஐயா சர்ச்?" என்றார் போதகர்.

மைக் மாமா அப்பா பக்கம் திரும்பினார்.

"இது ஆபத்துல முடியும்" என்றார் அப்பா.

"அண்ணே, வாசல் போர்டுல 'தட்டுங்கள், திறக்கப்படும்'னு வசனம் எழுதி வெச்சிருக்கோம். நான் வந்த முதல் நாள் தட்டிப் பாத்தேன். கை வலிச்சதுதான் மிச்சம்" என்றார் போதகர்.

முடிவில் ஒரு மாதம் திறந்து வைத்துப் பார்ப்பது என்றும், கண்காணிக்கும் பொறுப்பு அப்பாவுக்கு என்றும், மாதக் கடைசியில் அவர் சொல்வதை வைத்து முடிவெடுப்பது என்றும் ஆயிற்று. அப்பா அத்தோடு விட்டாரா? "ஒரு மாசத்துல இந்தக் கதவால ஒரு விவகாரம் வரும். வரலைன்னா இந்தச் சாவியை உங்க கையில குடுத்துடறேன்" என்று இடுப்புச் சாவிக்கொத்தைக் குலுக்கிக் காட்டினார். அந்தச் சாவி போனால் அப்பாவுக்குச் சபையில் வேறு முகவரி கிடையாது. பாட வராது, வாசிக்க வராது. சாவிதான் அவருடைய ஊழியம்.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்: "யாராவது திறக்கச் சொல்லிக் கேட்டாங்களா? இல்லை. கேக்காத கதவை ஒருத்தன் திறக்கிறான்னா, யாரையோ உள்ள விடத்தான் திறக்கிறான்."

"கர்த்தரை விடத்தான்" என்றாள் அம்மா.

"அவருக்கு எதுக்குடி கதவு?"

மறுநாள் எனக்கு உத்தரவு வந்தது. "உனக்கு காலேஜ்ல என்ன வேலை?"

"படிக்கிறதுப்பா."

"அதை சர்ச்ல உக்காந்து படி. யார் வர்றா, எதைத் தொடறான்னு சொல்லு."

இப்படியாக நான் என் சபையில் ஒற்றனாக நியமிக்கப்பட்டேன். கல்லூரி முடிந்ததும் வந்து, பாடகர் குழுவின் பெஞ்சுகளுக்குப் பின்னால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்த நர்ஸ் ஒருத்தி வந்து, முழங்கால் போட்டாள், அப்படியே தூங்கிவிட்டாள். மறுநாள் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகிற ஒருவர் பலிபீடத்தைப் பார்த்துத் தன் தகுதிகளை விளக்கினார்; எந்தக் குறுக்குக் கேள்வியும் வராததில் அவருக்கு நம்பிக்கை பிறந்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்து சத்தம் போட்டு அழுதார், முகத்தைத் துடைத்துக்கொண்டார், என்னைப் பார்த்து, "ஃபேன் போட்டா காசு கேப்பாங்களா தம்பி?" என்றார்.

எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். அழுதவரைப் பற்றி மட்டும் கூடுதலாக விசாரித்தார். "என்ன செஞ்சுட்டு அழுதான்னு கேட்டியா?"

இரண்டாம் வாரம் விவகாரம் வந்தது. ஆனால் அப்பா எதிர்பார்த்த திசையிலிருந்து வரவில்லை.

முதலில், உட்கார்ந்தால் முனகும் மூன்றாவது பெஞ்ச் முனகுவதை நிறுத்தியது. அதில் உட்காரும் வயதானவர்கள், தங்களுக்குத்தான் காது போய்விட்டது என்று பயந்துபோனார்கள். பிறகு, நான் பிறந்ததிலிருந்து மூடாத ஜன்னல் மூடியது. அதன்பின், சுவர்க் கடிகாரம் ஓடத் தொடங்கியது. இதில் மிகவும் பாதிக்கப்பட்டவர் மைக் மாமா. அவர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பது முதன்முறையாக எல்லோருக்கும் தெரிந்தது.

யார் செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் போவதற்குள் வேலை முடிந்திருக்கும். போதகரிடம் அப்பா நேராகவே கேட்டார்.

"செய்யும்போது நான் பாக்கலைண்ணே" என்றார் போதகர், சிரித்துக்கொண்டே.

"பொய் சொல்லலை" என்றார் அப்பா வெளியே வந்து. "ஆனா உண்மையும் சொல்லலை. நல்லா பழகின ஆளு."

"நல்லதுதானே நடக்குது? விடுங்களேன்" என்றாள் அம்மா.

"எடுத்துட்டுப் போறவனை எனக்குப் புரியும். அவனுக்கு என்ன வேணும்னு தெரியும். சரி பண்ணிட்டுப் போறவனுக்கு என்னடி வேணும்? அவன்தான் ஆபத்து."

அந்த வியாழக்கிழமை அப்பா தானே ஆலயத்துக்கு வந்தார். மூன்றாவது பெஞ்சின் அடியில் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். நானும் குனிந்தேன். இரும்புப் பட்டையில் வரிசையாகப் புது ஸ்க்ரூக்கள். எல்லா ஸ்க்ரூவின் தலையிலும் உள்ள வெட்டு, ராணுவ அணிவகுப்புபோல, ஒரே நேர்க்கோட்டில் நின்றது. ஜன்னல் கீலைப் போய்ப் பார்த்தார். அங்கேயும் அப்படியே.

"யாருப்பா இப்படி நேரா நிறுத்துறது?"

அப்பா டார்ச்சை அணைத்தார். எங்கள் வீட்டுப் பீரோவின் கீல்களில் ஸ்க்ரூக்கள் அப்படித்தான் நிற்கும் என்பது எனக்கு வீட்டுக்கு வந்தபின்தான் உறைத்தது. அந்தப் பீரோவைப் பொருத்தியது சித்தப்பா. அன்றிரவு அப்பா சாப்பிடும்போது பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. ஒற்றன் வேலையில் ஒரு கெடுதல் அதுதான், ஒருமுறை ஆரம்பித்தால் சொந்த அப்பாவையும் விட மனம் வராது.

மாதக் கடைசியில் கமிட்டி கூடியது. அப்பா ஒரு வார்த்தை சொன்னால் கதவு மூடப்படும். சாவி அவரிடமே தங்கும். ஆனால் அப்புறம் பகலில் வந்துபோகிற யாரும் வர முடியாது. இந்தக் கணக்கு போதகருக்குத் தெரிந்ததோ இல்லையோ, எனக்குத் தெரிந்தது.

"சொல்லுங்க பூட்டுக்காரரே, சந்தேகப்படும்படியா ஏதாவது?" என்றார் மைக் மாமா, ஆவலோடு.

"இருக்கு."

"அப்ப கதவைப் பூட்டிடலாமா?"

"பூட்டினா ஆள் வரமாட்டானே, எப்படிப் பிடிக்கிறது? கண்காணிப்பு தொடரணும். அதுக்குக் கதவு திறந்துதான் இருக்கணும்."

மைக் மாமா யோசித்தார். திருடனைப் பிடிக்கத் திறந்து வைப்பது என்றால் அவருக்கும் ஆட்சேபணை இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எங்கள் சபை மாற்றத்தை ஏற்றுக்கொண்ட வரலாறு இதுதான்.

திங்கட்கிழமை எனக்கு வகுப்பு இருந்தது. நான் போகவில்லை. மதியம் அப்பா கடையைச் சாத்திவிட்டு சாப்பிட வராமல் எதிர்த்திசையில் நடந்தார். நான் ஆலயத்தின் பின்வாசல் வழியாக முந்திப்போய், என் பழைய இடத்தில் பதுங்கினேன்.

அப்பா உள்ளே வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, போதகரின் அறைக் கதவில் மேல் கீலைக் கழற்றினார். கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. ஸ்க்ரூக்களைப் பக்கத்துப் பெஞ்சில் வரிசையாக வைத்தார். பிறகு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் கம்பெனிச் சீருடையில், தோளில் கருவிப் பையோடு சித்தப்பா வந்தார். தலை நரைத்திருந்தது. தொங்கும் கதவைப் பார்த்தார். பிறகு முதல் பெஞ்சில் இருந்த முதுகைப் பார்த்தார். நின்றுவிட்டார். திரும்பி வாசலைப் பார்த்தார். அது திறந்துதான் இருந்தது. போகலாம்.

சித்தப்பா பையைக் கீழே வைத்தார்.

"இதை யாரு கழட்டினது?"

"அதைத்தான் நானும் விசாரிக்கிறேன்" என்றார் அப்பா, திரும்பாமல்.

"ஒரு கீறல்கூட இல்லாம கழட்டியிருக்கான். தொழில் தெரிஞ்ச பயல்தான்."

"இருக்கும்."

"கதவு கனமா இருக்கு. ஒரு ஆள் பிடிக்கணும்."

அப்பா எழுந்து போய்ப் பிடித்தார். இருவரும் கதவைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

"நீ எப்படி இங்க வந்தே?"

"உங்க பாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு யாரையோ பாக்க வந்து லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாரு. நான்தான் கதவைத் திறந்து வெளிய எடுத்தேன். சர்ச்சுக்கு வாங்கன்னாரு. ஞாயித்துக்கிழமை வரமுடியாது, எங்க அண்ணன் இருப்பாரு; மத்த நாள்ல பூட்டியிருக்கும்னேன். பூட்டு எங்க அண்ணன் போட்டது, லேசுல திறக்காதுன்னும் சொன்னேன். சரி, நான் திறக்கப் பாக்கறேன்னு போனாரு."

ஆக, கேட்காத கதவை யாரையோ உள்ளே விடத்தான் திறந்திருக்கிறார்கள். அப்பாவின் சந்தேகம் ஆயுளில் முதன்முறையாகச் சரியாக இருந்தது. அவர் முகத்தில் ஒரு கணம் அந்தப் பெருமை வந்து போனதை நான் பார்த்தேன்.

"கொஞ்சம் மேல தூக்கு" என்றார் சித்தப்பா.

அப்பா தூக்கினார். தூக்கியபடியே, "அன்னிக்கு கடையை நான் பூட்டலைடா" என்றார். "பூட்டை மாட்டிட்டு அழுத்தாம வந்துட்டேன். ஒரு வாரம் கழிச்சுதான் ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள அத்தனை பேர் முன்னால சொல்லிட்டேன்."

"தெரியும்."

"எப்போ இருந்து?"

"அன்னிக்குக் காலையிலேயே. திறந்த பூட்டுக்கும் பூட்டாத பூட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

"அப்ப ஏன்டா அன்னிக்கே சொல்லலை?"

"நாலு பேர் நின்னுட்டு இருந்தாங்கண்ணே. சொந்தக் கடையைப் பூட்ட மறந்த பூட்டுக்காரன்கிட்ட எவன் சாவி வெட்ட வருவான்?"

அப்பா இரண்டு கண்களையும் மூடிக்கொண்டார். கதவைப் பிடித்திருந்ததால் முகத்தைத் துடைக்க அவருக்குக் கை இல்லை. சித்தப்பா அதைப் பார்க்காததுபோல ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக முடுக்கி, கடைசியில் எல்லா வெட்டுகளையும் நேராகத் திருப்பி நிறுத்தினார். அப்பா கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

"இன்னும் சந்தேகமா?"

"பழக்கம்டா. உன்னாலதான் வந்துச்சு." கொஞ்சம் யோசித்து, "என்னாலதான்" என்றார். பிறகு குரலை உயர்த்தாமல், "டேய், பெஞ்சுக்குப் பின்னால இருக்கிறவனே, வெளிய வா. சித்தப்பாவும் சாப்பிட வர்றான்னு அம்மாகிட்ட போய்ச் சொல்லு" என்றார்.

சித்தப்பா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பெஞ்சில்தான் உட்காருகிறார். அப்பா இரண்டு கண்ணையும் மூடி ஜெபிக்கப் பழகுகிறார்; முழுதாக வரவில்லை. இதற்கிடையில் போதகரின் அறைக் கதவை யாரோ கழற்றியதை மைக் மாமா எப்படியோ மோப்பம் பிடித்து, கமிட்டியைக் கூட்டி, விசாரிக்கும் பொறுப்பை அப்பாவிடமே ஒப்படைத்தார். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

அப்பாவுக்குப் போதகர்மேல்தான் சந்தேகமாம்.